பாதிக் கடிதம் ஓர் ஊரில், மீதி இன்னோர் ஊரில்

ஹெர்பர்ட் ஹூவர் 1929 மார்ச்சில் அமெரிக்காவின் 31ஆவது அதிபராகப் பதவியேற்றார். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பு, மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்க வயல்களில் புழுதியும் ஈயுமாக அலைந்துகொண்டிருந்த 22 வயதுச் சுரங்கப் பொறியாளர் அவர். அந்த வயதில் ஒரு பையன் எழுதும் கடிதத்தைப் பின்னால் வரலாற்றுக்கு உதவும் என்று யாரும் எடுத்து வைப்பதில்லை. பத்து வயதுக்கு முன்பே தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர் என்பதால், மகன் கடிதம் என்று கட்டி வைக்கவும் ஆளில்லை. இருந்தும் அக்காலத்துக் கடிதங்கள் இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன என்றால், வாங்கியவர்கள் சிலர் காகிதத்தை வீசியெறியாத பழக்கம் உள்ளவர்களாக இருந்ததே காரணம். அவர்களில் முக்கியமானவர் ஹூவரின் ஆசிரியர், நிலவியலாளர் ஜான் காஸ்பர் பிரானர்.

இந்த இருவரின் கடிதப் போக்குவரத்தைப் படிக்கப் புகும் ஒருவர் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்லப் பார்க்கிறேன். வரிசை மாறினால் பெட்டிகளைத் திறந்தும் பயனில்லை. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, புகழ்பெற்றவரிடமிருந்து தொடங்குவது. தொடங்க வேண்டியது பிரானரிடமிருந்து.

ஆகவே முதல் வேலை, காப்பகத்துக்குப் போகும் முன்பே, வாங்கியவர் யார் என்று தெரிந்துகொள்வது. பிரானர் 1850-இல் டென்னசி மாநிலத்தில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹார்ட் என்ற நிலவியலாளரிடம் படித்து, அவரோடு 1870களில் பிரேசிலுக்குப் போனார். அந்த நாட்டை அவர் கடைசிவரை விடவில்லை. போர்த்துகீசிய மொழிக்கு இலக்கணம் எழுதினார். முழு பிரேசிலுக்குமான நிலவியல் வரைபடத்தை இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வெளியிட்டார். இடையில், மின்விளக்கின் இழைக்கு ஏற்ற நார் தேடி எடிசன் தென் அமெரிக்காவுக்கு அனுப்பிய ஆட்களில் ஒருவராகவும் இருந்திருக்கிறார்.

நம் வேலைக்கு இவற்றைவிட முக்கியமானது ஆர்கன்சா. 1887 முதல் அம்மாநிலத்தின் நிலவியலாளராக இருந்த பிரானர், அங்கே தங்கச் சுரங்கம் என்று பங்கு விற்றுக்கொண்டிருந்த கம்பெனிகளின் இடங்களைச் சோதித்து, தங்கம் இல்லை என்று அறிக்கை எழுதினார். பணம் போட்டவர்களும் போடவைத்தவர்களும் கொதித்தெழுந்தார்கள். பேர் சிட்டி என்ற ஊரில் அவருக்கு உருவ பொம்மை வைத்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். இந்த மனிதருக்குத்தான் ஹூவர் கடிதம் எழுதுகிறார் என்பது நினைவில் இருக்க வேண்டும். லண்டன் சுரங்கக் கம்பெனியில் சம்பளம் வாங்கும் இளைஞன், ‘நான் பார்த்த சுரங்கம் அருமையானது’ என்று சித்தப்பாவுக்கு எழுதுவது வேறு, பிரானருக்கு எழுதுவது வேறு. வாங்குகிறவர் பாறையைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கக்கூடியவர்.

இருவரும் சந்தித்த கதை சுருக்கமானது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 1891-இல் தொடங்கியது. முதல் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டன், தன்னோடு இந்தியானா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த பிரானரை நிலவியலுக்கு அழைத்தார். முதல் ஆண்டு மாணவர்களில் ஒருவர் ஹூவர். கையில் காசில்லாத பையனுக்கு பிரானர் தன் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கொடுத்தார்; 1892 கோடை விடுமுறையில் ஆர்கன்சா நில அளவைக்கும் அனுப்பினார். ஆக, பிரானரின் கோப்புகள் எப்படி அடுக்கப்பட்டன, எது நகல் எடுக்கப்பட்டது, எது எடுக்கப்படவில்லை என்பதெல்லாம் ஹூவருக்கு உள்ளிருந்தே தெரியும். தான் எழுதுவது எந்த அலமாரிக்குப் போகும் என்று தெரிந்தே எழுதியவர் அவர்.

அடுத்த வேலை, கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். நான் உங்களுக்கு எழுதும் கடிதம் உங்கள் வீட்டில் இருக்கும். என் வீட்டில் இருக்காது. எனவே ஹூவர் எழுதியவற்றை பிரானரின் தாள்களில் தேட வேண்டும், பிரானர் எழுதியவற்றை ஹூவரின் தாள்களில் தேட வேண்டும். பிரானரின் தாள்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் உள்ளன. ஹூவரின் தாள்களில் பெரும்பகுதி, அவர் பிறந்த அயோவா மாநிலத்து வெஸ்ட் பிராஞ்ச் ஊரில் 1962-இல் திறக்கப்பட்ட அதிபர் நூலகத்தில். அங்கே அவர் வாழ்க்கையைப் பதவிகளாக வெட்டி அடுக்கியிருக்கிறார்கள்: வணிக அமைச்சர் ஆவதற்கு முன், அமைச்சராக, அதிபராக, அதற்குப் பின் என்று. பிரானர் 1922 மார்ச் 1-இல் இறந்துவிட்டார். ஹூவர் வணிக அமைச்சரானது 1921-இல். ஆகவே நமக்கு வேண்டியவை ஏறத்தாழ முழுக்க முதல் பிரிவில் கிடக்கின்றன. மூன்றாவது இடம், ஸ்டான்ஃபோர்ட் வளாகத்திலேயே உள்ள ஹூவர் நிறுவனத்தின் காப்பகம்.

அந்த நிறுவனத்தின் பிறப்பே தாள்களைப் பற்றியது. முதல் உலகப்போரில் பெல்ஜியத்துக்கு உணவு அனுப்பும் குழுவின் தலைவராக இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் கடலில் போய்வந்துகொண்டிருந்த ஹூவர், ஆண்ட்ரூ வைட் என்பவரின் தன்வரலாற்றைப் படித்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துத் துண்டறிக்கைகள், நாளிதழ்கள் போன்றவை எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகின்றன என்று வைட் அதில் எழுதியிருந்தது அவர் மனதில் தைத்தது. 1919-இல் 50,000 டாலர் கொடுத்து, போர்க்கால ஆவணங்களைத் திரட்டச் சொன்னார். உலகின் பெரிய ஆவணத் தொகுப்புகளில் ஒன்று அப்படித்தான் தொடங்கியது.

இனி, எந்தப் பெட்டிகள் வேண்டும் என்று காப்பகத்தாரிடம் கேட்பது. கலிஃபோர்னியாவின் காப்பகங்கள் தம் தொகுப்புகளின் விவரப் பட்டியல்களை ஒரே இணையதளத்தில் வைத்திருக்கின்றன. பட்டியலில் பெட்டி எண், அதற்குள் கோப்புறை எண், கோப்புறையின் தலைப்பு, ஆண்டு இருக்கும். ‘ஹூவர்’ என்று தேடி வரும் கோப்புறைகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. காப்பகத்தார் பழைய ஒழுங்கைக் கலைப்பதில்லை. தாள்களைச் சேர்த்து வைத்தவரின் வரிசையே வரிசை. ஹூவரின் கடிதம் அவர் பெயரிட்ட உறையில் இருக்கலாம், ‘ஆர்கன்சா’ என்ற உறையிலும் இருக்கலாம், வேலை கேட்டு வந்த இன்னொரு மாணவனின் உறையில் இணைப்பாகவும் இருக்கலாம். நிலவியல் துறைக்காரர்கள் பெயர், சுரங்கக் கம்பெனிகளின் பெயர், அறங்காவலர் குழு ஆகிய எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் பெட்டிகளில் பல வளாகத்தில் இல்லை, லிவர்மோர் என்ற ஊரில் உள்ள கிடங்கில் இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டு வைக்காமல் போய் இறங்கினால் வாசிப்பறையில் வெறுங்கையோடு உட்கார வேண்டியதுதான்.

வாசிப்பறை விதிகள் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றே. பை வெளியே. பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு கோப்புறை. எடுத்த இடத்தில் அடையாள அட்டை. சினிமாவில் காட்டுகிற வெள்ளைக் கையுறையைக் காகிதத்துக்கு யாரும் இப்போது போடச் சொல்வதில்லை. கையுறை போட்ட விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாமல் கிழிந்துவிடும். கழுவி உலர்ந்த கை போதும்.

முதல் கோப்புறை கைக்கு வந்ததும் படிக்கத் தொடங்கிவிடத் துடிக்கும். பொறுக்க வேண்டும். முதலில் தாளைப் பார்க்க வேண்டும். தலைப்பில் அச்சிட்ட முகவரி இருக்கிறதா, ஓட்டல் தாளா, கம்பெனித் தாளா, கையெழுத்தா தட்டச்சா, ஓரத்தில் வேறு கையெழுத்தில் ஏதாவது உண்டா என்று. பதில் போட்ட தேதியை வந்த கடிதத்தின் மேலேயே குறித்து வைப்பது அக்கால அலுவலக வழக்கம். அந்த ஒரு வரிக் குறிப்பு, காணாமல் போன பதில் ஒன்று இருந்தது என்பதற்குச் சாட்சி. தட்டச்சுக் கடிதத்தின் இடது கீழ் மூலையில் சொன்னவரின் தலைப்பெழுத்தும் தட்டச்சு செய்தவரின் தலைப்பெழுத்தும் வரும். ஹூவர் தன் கையால் எழுதியது எது, செயலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னது எது என்று பிரிக்க இதுதான் வழி. போர்க்காலக் கடித உறைகள் தப்பியிருந்தால் அவற்றில் பிரிட்டிஷ் தணிக்கையாளரின் ஒட்டுத்தாள் இருக்கலாம். தணிக்கையாளர் படிப்பார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தை எடைபோடுவது வேறு கணக்கு.

பிரானர் எழுதியவற்றின் நகல்களும் அவருடைய பக்கத்தில் கிடைக்கக்கூடும். கார்பன் நகல் பரவலாகும் முன்பு, அலுவலகங்களில் நகல் எடுத்த முறை இப்போது பலருக்குத் தெரியாது. ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை வாங்கிய முறை அது. நூறு ஆண்டுக்கு மேல் நிலைத்தது. தனி மையில் எழுதிய கடிதத்தை, ஈரமாக்கிய மெல்லிய தாள் ஒன்றின் கீழ் வைத்துத் திருகு அழுத்தியில் நசுக்குவார்கள். மை மெல்லிய தாளில் இடவலம் மாறிப் பதியும். தாள் கண்ணாடி போல் மெல்லியது என்பதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். இப்படி நூற்றுக்கணக்கான தாள்கள் கொண்ட கட்டுப் புத்தகம் ஒன்று அலுவலகத்தில் இருக்கும், முன்னால் பெயர் அகரவரிசையோடு. இன்று அவற்றைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. ஈரம் அதிகமான பக்கத்தில் எழுத்து ஊறிப் பூத்திருக்கும், குறைந்த பக்கத்தில் வரியே இருக்காது. பக்கத்துக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளைச் செருகினால் பாதித் தொல்லை தீரும். பெயர் வரிசையை நம்பி அந்தப் பக்கங்களை மட்டும் புரட்டாமல், முன்னும் பின்னும் இரண்டு பக்கம் பார்ப்பது நல்லது. அன்று காலை பிரானர் வேறு யாருக்கு என்ன எழுதினார் என்பதிலிருந்து ஹூவருக்கு எழுதிய வரியின் சூடு புரியும்.

இப்போது தேதி வரிசை. இதற்கு நாலு பத்தி கொண்ட ஒரு பட்டியல் போட வேண்டும்: எழுதிய நாள், எழுதிய இடம், சேர்ந்த நாள், பதில் நாள். மேற்கு ஆஸ்திரேலியத் தபால் அப்போது ஆல்பனி துறைமுகம் வழியாகப் போனது. கலிஃபோர்னியாவைச் சேர ஒரு மாதத்துக்கு மேலாகும். கேள்விக்குப் பதில் வர இரண்டு மாதம் கடந்துவிடும். அதற்குள் கேள்வி கேட்டவர் ஊர் மாறியிருப்பார். எழுதிய தேதியை மட்டும் வைத்து அடுக்கினால், கடலில் ஒன்றையொன்று கடந்துபோன இரண்டு கடிதங்கள் கேள்வியும் பதிலும் போலத் தோன்றி ஏமாற்றும். பட்டியலின் நடுவே நிலையான நாட்களை ஆணி அடித்தது போல் வைத்துக்கொள்ள வேண்டும். 1897 மே, ஹூவர் ஆல்பனியில் இறங்குகிறார். 1898, சன்ஸ் ஆஃப் குவாலியா சுரங்கத்தின் மேலாளர். 1899 பிப்ரவரி 10, கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் லூ ஹென்றியோடு திருமணம்; மறுநாளே சீனாவுக்குக் கப்பல். 1900 கோடையில் பாக்சர் எழுச்சி. டியன்ட்சின் நகரத்து வெளிநாட்டார் குடியிருப்பு முற்றுகையில், ஹூவர் தம்பதி உள்ளே. 1906 ஏப்ரல் 18, கலிஃபோர்னிய நிலநடுக்கம். ஸ்டான்ஃபோர்டின் கட்டடங்கள் இடிகின்றன, பிரானர் மாநில விசாரணைக் குழுவில் உறுப்பினராகிறார். தேதியில்லாத கடிதம் எதுவும் இந்த ஆணிகளில் ஏதாவது ஒன்றுக்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தே தீரும்.

பட்டியலில் ஓட்டைகள் தெரியும். ஓட்டை என்றாலே கடிதம் தொலைந்தது என்றோ, மனத்தாங்கல் என்றோ முடிவுகட்டக் கூடாது. 1899 பிப்ரவரியில் ஹூவர் கலிஃபோர்னியாவிலேயே இருந்தார். 1909-இல் ஸ்டான்ஃபோர்டில் விரிவுரை ஆற்றினார். அந்த ஆண்டு வெளிவந்த ‘சுரங்கத்தொழிலின் கோட்பாடுகள்’ நூல் அத்தகைய விரிவுரைகளிலிருந்து வந்தது. நேரில் பேசுகிறவர்கள் எழுதுவதில்லை. நட்பு நெருக்கமாக இருந்த நாட்களில்தான் காகிதம் குறைவாக இருக்கும்.

தந்திகள் தனி வேலை. சொல்லுக்குச் சொல் காசு என்பதால் சுரங்கக்காரர்கள் சங்கேதச் சொல்லகராதி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு விநோதச் சொல்லுக்கு ‘தாது மாதிரியை உடனே அனுப்பு’ என்பது போல ஒரு முழு வாக்கியம் பொருளாக இருக்கும். பெட்ஃபர்ட் மெக்நீல் தொகுத்தது ஒன்று பரவலாகப் புழங்கியது. இன்னொன்றைத் தொகுத்த இருவரில் ஒருவர் மோரிங், அதாவது ஹூவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய பீயுவிக் மோரிங் கம்பெனியின் பங்குதாரர்! கோப்பில் அர்த்தமில்லாத சொற்களாக ஒரு தந்தி கண்ணில் பட்டால், அந்தக் காலத்துப் பதிப்பைத் தேடிப்பிடித்துத்தான் பிரிக்க வேண்டும். பதிப்பு மாறினால் பொருளும் மாறும்.

பிறகு பெயர்த்தெழுதுவது. எழுதியதை எழுதியபடியே. ஹூவருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் சுட்டுப்போட்டாலும் வராது. பட்டம் வாங்குவதற்கே ஆங்கிலத் தாள் தடையாக நின்று, தொல்லுயிரியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெரின் ஸ்மித் அவருடைய கட்டுரை ஒன்றைத் திருத்தச் சொல்லி, அதைக் காட்டித்தான் தேறினார். பின்னாளில் அதிபர் என்பதற்காக அவருடைய பிழைகளை நாம் திருத்திக் கொடுத்தால், எந்தக் கடிதம் தானே அவசரமாக எழுதியது, எது செயலாளர் கை வழியாக வந்தது என்ற தடயம் அழிந்துவிடும். ஊர்ப்பெயர்களையும் அன்று எழுதியபடியே விட்டு, இன்றைய பெயரை அடிக்குறிப்பில் கொடுக்கலாம். படிக்க முடியாத சொல்லுக்குச் சதுர அடைப்புக்குறி. ஊகித்து நிரப்புவது குற்றம்.

கடிதங்களில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டுப் படித்த ஆய்வுகளே அதிகம். லூ ஹென்றி ஹூவரும் பிரானரின் மாணவி, 1898-இல் நிலவியலில் பட்டம் பெற்றவர். ஹூவரை அவர் சந்தித்ததே பிரானரின் ஆய்வகத்தில்தான். சுரங்கத்தொழில் பற்றி அக்ரிகோலா லத்தீனில் எழுதி 1556-இல் வெளிவந்த ‘தே ரே மெட்டாலிகா’ நூலைக் கணவனும் மனைவியும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1912-இல் லண்டனில் வெளியிட்டார்கள். லத்தீன் அறிவு லூ ஹென்றியுடையது. அக்ரிகோலா, ஜெர்மன் சுரங்கக்காரர்களின் பேச்சுச் சொற்களுக்கு லத்தீனில் தானாகவே சொற்களை உண்டாக்கியிருந்தார். மொழி மட்டும் தெரிந்தவர்களால் அதை உடைக்க முடியவில்லை. தாதுவும் உலையும் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. அந்த நூலைக் காணிக்கையாக்கியது பிரானருக்கு. எனவே வெஸ்ட் பிராஞ்சில் இருக்கும் லூ ஹென்றியின் தனிக் கோப்புகளையும் இதே பட்டியலில் சேர்க்காமல் இந்தக் கடித வரலாறு முழுமை பெறாது.

படிக்கும்போது மிக மெதுவாகப் போக வேண்டிய இடம் 1912 முதல் 1915 வரை. 1912-இல் ஹூவர் ஸ்டான்ஃபோர்டின் அறங்காவலர் ஆகிறார். 1913-இல் ஜோர்டன் விலக, பிரானர் பல்கலைக்கழகத் தலைவராகிறார், அறுபதைத் தாண்டிய வயதில். முன்பு தட்டச்சு வேலைக்குச் சம்பளம் கொடுத்தவரை நியமிக்கும் குழுவில், சம்பளம் வாங்கியவர் உட்கார்ந்திருக்கிறார். பிரானர், செலவு தாங்காது என்று மருத்துவக் கல்லூரியைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்றார், அறங்காவலர்கள் இணங்கவில்லை. அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த ரே லைமன் வில்பர்தான் 1916 ஜனவரியில் பிரானருக்குப் பின் தலைவரானார். வில்பர், ஹூவரின் மாணவப் பருவ நண்பர். பின்னாளில் ஹூவர் அரசில் உள்துறை அமைச்சர். இந்த மூன்று ஆண்டுக் கடிதங்களில் விளிப்பு எப்படி, முடிப்பு எப்படி, யாருக்கு நகல் போனது என்று ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும். 1914 ஆகஸ்டில் போர் வெடித்து ஹூவர் நிவாரண வேலையில் மூழ்கியதையும் பட்டியலில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நேரமில்லாமல் சுருக்கமாக எழுதியதை மனம் மாறி எழுதியதாகப் படித்துவிடுவோம். என்னைக் கேட்டால், மாணவன் ஆசிரியரைவிட உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்த இந்தப் பகுதிதான் தொகுப்பின் உயிர்நாடி. வெள்ளை மாளிகை அல்ல.

கடைசிக்கு முந்திய வேலை, ஒப்பிடுவது. ஹூவரின் நினைவுக் குறிப்புகள் 1951, 1952-இல் மூன்று தொகுதிகளாக வந்தன. இளமைக் காலத்தை அரை நூற்றாண்டு கழித்து நினைவுகூர்கிறார். அதற்குள் அதிபர் தேர்தலில் வென்று, தோற்று, பழி சுமந்தவர். அவர் நூலும் அவர் கடிதமும் முரண்பட்டால், பெரும்பாலும் கடிதத்தின் பக்கம் நிற்கலாம். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், எப்போதும் அல்ல. வெளியூரில் வேலைக்குப் போன எந்த மாணவனும் ஆசிரியருக்குச் சங்கடங்களைக் குறைத்தும் சாதனைகளைக் கூட்டியும்தான் எழுதுவான். சீனாவில் கைபிங் நிலக்கரிச் சுரங்கங்கள் பிரிட்டிஷ் கம்பெனியின் கைக்குப் போன விதம் 1905-இல் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காக வந்தது. ஹூவர் அங்கே சாட்சி சொன்னார். அந்த விவகாரத்துக்குக் கடிதங்களை மட்டும் நம்பினால் ஒரு தரப்பு வாதம்தான் கிடைக்கும். ஆஸ்திரேலியப் பகுதிக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய நாளிதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் புரட்டலாம்.

எடுத்த ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் தொகுப்பின் பெயர், பெட்டி எண், கோப்புறை எண் மூன்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். ஊருக்குத் திரும்பி நினைவிலிருந்து போட முடியாது. அச்சிடப் போகும்போது உரிமைக் கேள்வி வரும். கடிதத் தாள் காப்பகத்தின் சொத்து, அதிலுள்ள எழுத்து எழுதியவரின் வாரிசுகளுடையது. தாளைப் பார்க்க அனுமதித்ததால் முழுக் கடிதத்தையும் வெளியிட அனுமதித்ததாக ஆகாது. அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடப்படாத தனிக் கடிதங்களுக்கு எழுதியவர் இறந்தபின் 70 ஆண்டு பாதுகாப்பு உண்டு. 1922-இல் இறந்த பிரானரின் வெளிவராத கடிதங்கள் 2003 முதல் பொதுவில் வந்துவிட்டன. ஹூவர் இறந்தது 1964 அக்டோபரில். அரசுப் பதவியில் இருந்து அலுவல் முறையில் எழுதியவற்றுக்கு உரிமைத் தடையில்லை. மற்ற கடிதங்களை முழுமையாக அச்சிட, குடும்பத்தார் உரிமையை ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருக்கிறார்களா என்று காப்பகத்தாரிடம் எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் 2035 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டும்.